கோடை விடுமுறை, வீட்டுத் தோட்டம், மலையிலிருந்து வரும் விருந்தாளிகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோயம்புத்தூருக்கு மேற்கே, தொண்டாமுத்தூர் பக்கம் எங்கள் வீடு. சுற்றிலும் பத்து சென்ட் தோட்டம். செந்தூரம் ஒன்று, கிளிமூக்கு ஒன்று என இரண்டு மாமரம், ஒரு சப்போட்டா, இரண்டு கொய்யா, மூன்று தென்னை, வாழை, முருங்கை, எலுமிச்சை, நடுவில் நாலு பாத்தி காய்கறி. மேற்கே திரும்பினால் மலை. பள்ளிக்கூடம் லீவு விட்டதும் சொந்தக்காரர்கள் பிள்ளைகளோடு வந்துவிடுவார்கள். குரங்கு, மயில், வௌவால், மரநாய் எல்லாம் வருவதும் அதே மாதங்களில்தான். இருபது வருடமாக எங்களிடம் வந்து போகிறவர்களும் அக்கம்பக்கத்தாரும் கேட்கிற கேள்விகளுக்கு, பட்டுத் தெரிந்துகொண்டதை வைத்து இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

வருடம் முழுக்க வராதவை ஏன் கோடையில் மட்டும் இப்படிப் படையெடுக்கின்றன?

நம் பக்கத்து மலையடிவாரக் காடு பெரும்பாலும் இலையுதிர்க் காடு. பிப்ரவரியில் இலை கொட்ட ஆரம்பித்து, ஏப்ரலில் மரமெல்லாம் குச்சியாக நிற்கும். பள்ளத்தில் தண்ணீர் இருக்காது, குட்டை காய்ந்து வெடித்திருக்கும். அந்த நேரத்தில் மேலிருந்து பார்த்தால் பச்சையாகத் தெரிவது நாம் தண்ணீர் பாய்ச்சும் தோட்டம்தான். மா, பலா, சப்போட்டா பழுப்பதும் அப்போதே. நிழல், தண்ணீர், பழம் மூன்றும் ஒரே இடத்தில் கிடைத்தால் யார்தான் வரமாட்டார்கள்? தென்மேற்குப் பருவமழை ஜூனில் பிடித்து மலை பச்சையாகிற வரைக்கும் இப்படித்தான்.

காலையில் எழுந்து பார்த்தால் பழம் போயிருக்கிறது. யார் தின்றது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

இது எனக்குப் பிடித்த கேள்வி. ஆள் யார் என்று தெரியாமல் எந்தக் காவலும் பலிக்காது. அதனால் முதல் வேலை, விடிந்ததும் மரத்தடியைப் பெருக்காமல் ஐந்து நிமிடம் குனிந்து பார்ப்பது.

பழத்தைச் சுரண்டிச் சுரண்டி ஒரு பக்கம் மட்டும் குழியாக்கி, மீதியைக் காம்போடு தொங்கவிட்டிருந்தால் அணில். காயிலேயே கொத்தி, பாதியைக் கீழே தள்ளியிருந்தால் பச்சைக்கிளி. கிளி உண்பதைவிட உதிர்ப்பது அதிகம். வட்டமாகச் சின்னத் துளை போட்டு உள்ளே சதையை மட்டும் எடுத்திருந்தால் குக்குறுவானோ கொண்டைக்குருவியோ. ஒரு கடி கடித்துவிட்டு வீசிய பழங்கள் தோட்டம் முழுக்கச் சிதறி, கிளையும் முறிந்திருந்தால் சந்தேகமே வேண்டாம், குரங்கு.

இரவு வருகிறவர்களின் தடயம் வேறு. மரத்தடியில் மென்று துப்பிய சக்கை உருண்டை உருண்டையாகக் கிடந்தால் பழந்தின்னி வௌவால். அது சதையை மென்று சாற்றை மட்டும் விழுங்கி, நாரைத் துப்பிவிடும். மதில் மேலோ ஓட்டின் மேலோ, முழு விதைகள் நிறைந்த எச்சம் இருந்தால் மரநாய். பெயரில்தான் நாய், பார்க்கப் பூனை மாதிரி நீளமான உடம்பு, கறுத்த முகம். பழுத்த பழமாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்துச் சாப்பிடும். கலப்பை ஓட்டியதுபோல் பாத்தி கிளறிக் கிடந்தால் காட்டுப்பன்றி. சேனை, மரவள்ளி மட்டும் தோண்டப்பட்டு, பக்கத்தில் கறுப்பும் வெள்ளையுமாக ஒரு முள் கிடந்தால் முள்ளம்பன்றி.

பிள்ளைகளிடம் ஒரு நோட்டைக் கொடுத்து இதை எழுதச் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் இதற்கு ‘துப்பு நோட்டு’ என்று பெயர். தேதி, மரம், தடயம், யாராக இருக்கும். ஒரு வாரத்தில் பெரியவர்களைவிட அவர்கள் சரியாகச் சொல்வார்கள்.

மாம்பழத்தை எப்படித்தான் காப்பாற்றுவது?

மரத்தில் பழுக்கவிடாதீர்கள். இருபது வருடத்தில் நான் கற்ற ஒரே பெரிய பாடம் இது. மரத்திலேயே பழுத்த பழம்தான் ருசி என்று முதல் சில வருடம் காத்திருந்தோம். இன்றைக்குப் பறிக்கலாம் என்று நினைக்கிற அன்று காலையில் மரம் காலியாக இருக்கும். வாசனை நமக்கு எட்டும் முன்பே வௌவாலுக்கு எட்டிவிடுகிறது.

மாங்காய் முற்றியதும் பறித்து வீட்டுக்குள் பழுக்கவைத்தால் போதும். முற்றியதா என்று பார்க்க, காம்பைச் சுற்றி இரண்டு பக்கமும் தோள் மாதிரி மேடு தட்டி, காம்பு பள்ளத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். மரத்தில் ஒன்றிரண்டு தானாகப் பழுத்து விழ ஆரம்பித்தாலும் அதுவே அறிகுறி. தொறட்டியில் வலைப்பை கட்டி, காயைக் கீழே விழவிடாமல், காம்பு இரண்டு விரல் அளவு இருக்கும்படி பறியுங்கள். காம்பு ஒட்ட ஒடிந்தால் பால் வழிந்து தோலைச் சுட்டுவிடும், அந்த இடம் கறுத்து அழுகும். நிழலில் கவிழ்த்து வைத்துப் பால் வடிந்ததும், வைக்கோல் பரப்பி அடுக்கி, மேலே சாக்குப் போட்டு மூடினால் நாலு நாளில் இருந்து ஒரு வாரத்துக்குள் பழுத்துவிடும். கார்பைடு கல் வேண்டவே வேண்டாம். சட்டப்படி தடை, உடம்புக்கும் கேடு.

கொஞ்சம் பழமாவது மரத்தில் பழுக்க வேண்டும் என்று ஆசை இருந்தால், எட்டுகிற கிளைகளில் காய் முட்டை அளவு இருக்கும்போதே காகிதப் பை மாட்டி நூலால் கட்டுங்கள். பழைய வேட்டித் துணியில் தைத்த பையும் நன்றாக இருக்கிறது. பழ ஈயும் முட்டையிடாது. அணிலுக்கும் கிளிக்கும் வௌவாலுக்கும் இது பெரும்பாலும் போதும். குரங்குக்குப் போதாது. அது பையைக் கழற்றி, பழத்தை எடுத்து, பையை நம் பக்கமே போடும்.

உச்சாணிக் கொம்பில் இருப்பதை நாங்கள் பறிப்பதே இல்லை. ஆளை ஏற்றி, கிளை ஒடிந்து, கால் முறிந்த கதை இந்த வட்டாரத்தில் நிறைய இருக்கிறது. அது மலையிலிருந்து வரும் விருந்தாளிகளுடையது.

மரத்துக்கு வலை போட்டு மூடிவிடலாமா?

தளர்வான நைலான் வலை வேண்டாம். நான் ஒரு தடவை போட்டேன். மூன்றாம் நாள் காலை, வலையில் சுற்றிக்கொண்ட ஒரு சாரைப்பாம்பையும், சிறகு சிக்கிய ஒரு மைனாவையும் கத்தரிக்கோலால் வெட்டி எடுத்தோம். பாம்பு போய்விட்டது. மைனா பிழைக்கவில்லை. அன்றைக்கே வலையைக் கழற்றிவிட்டேன்.

காய்கறிப் பாத்திக்கு மட்டும் வலை நல்லது. ஆனால் மூங்கில் சட்டம் அடித்து இறுக்கிக் கட்ட வேண்டும், கண் சுண்டுவிரல் நுழையாத அளவுக்குச் சின்னதாக இருக்க வேண்டும், அடிப்பக்கம் தொங்கக் கூடாது. தக்காளிக்குப் பழைய நிழல்வலையே போதும். தினமும் காலையில் ஒரு சுற்று பார்த்துவிடுங்கள்.

மிளகாய்ப் பொடி, பளபளக்கும் நாடா, பழைய சிடி, சோளக்கொல்லைப் பொம்மை, இதெல்லாம் வேலை செய்யுமா?

ஒரு வாரம். இடத்தை மாற்றிக்கொண்டே இருந்தால் இரண்டு வாரம். பழம் முற்றும் கடைசிப் பத்து நாளுக்கு மட்டும் வைத்தால் பலன் உண்டு. மார்ச்சிலேயே கட்டிவிட்டால் மே மாதத்தில் காக்கா அதன் மேலேயே உட்காரும்.

மொட்டைமாடியில் வடாம் காயவைத்தால் காக்காயும் அணிலும் விடமாட்டேன் என்கின்றன. என்ன செய்யலாம்?

எங்கள் அமுச்சி (அம்மாவின் அம்மா) காலத்தில் இதற்கு ஒரே வழிதான், ஒரு பிள்ளையை உட்கார வைப்பது. தலையில் துண்டு, கையில் குச்சி, பக்கத்தில் ஒரு சொம்பு மோர். கூலி, ஓரத்தில் அரைகுறையாகக் காய்ந்த வடாம். வெளியே மொறுமொறுப்பும் உள்ளே கூழுமாக இருக்கும் அந்த வடாமுக்காகவே நாங்கள் சண்டை போட்டுக்கொண்டு காவலுக்குப் போவோம். தினைப்புனத்துப் பரண்மேல் வள்ளி ஆலோலம் பாடிக் கிளி ஓட்டினாள் என்ற கதையைக் கேட்டதும் அப்படி உட்கார்ந்திருந்தபோதுதான். காவல் காப்பது நம் ஊரில் அவ்வளவு பழைய வேலை.

இப்போது நாங்கள் செய்வது இது. விடிகாலை ஐந்தரைக்கே கூழ் காய்ச்சி, ஆறரைக்குள் தட்டுகளில் விரித்த வேட்டித் துணியில் ஊற்றிவிடுவோம். கயிற்றுக்கட்டிலைக் கவிழ்த்துப் போட்டு, நாலு காலுக்கும் நடுவில் தட்டுகளை வைத்து, கால்களின் மேல் பழைய கொசுவலையை இழுத்துக் கட்டிவிடுவோம். வெயிலும் காற்றும் தடையில்லாமல் வரும், காக்கா அலகு எட்டாது, ஈயும் உட்காராது. பக்கத்தில் ஒரு கறுப்புக் குடையை விரித்து வைத்தால் காக்காய்க்கு முதல் நாள் கொஞ்சம் பயம் இருக்கும்.

மோர்மிளகாய்க்கு இந்தத் தொல்லை குறைவு. மாவடுவைப் பறித்த அன்றே உப்பில் போட்டுவிடுகிறோம், அதற்கும் கவலை இல்லை. சொல்லப்போனால், கோடையில் தோட்டத்தைக் காப்பாற்றுகிற பெரிய ஆயுதம் ஜாடிதான். பிஞ்சாக இருக்கும்போதே மாவடு, காயாக இருக்கும்போது ஊறுகாயும் மாங்காய் வற்றலும். அப்படி மரத்தின் பாரத்தை மூன்று தவணையில் இறக்கிவிட்டால், பழுக்கும் காலத்தில் இழப்பதற்கு அதிகம் மிச்சம் இருக்காது.

குரங்குக் கூட்டம் வந்தால்?

இங்கே வருவது நாட்டுக்குரங்கு. தலைமயிர் நடுவகிடு எடுத்துத் தொப்பி வைத்ததுபோல் இருக்கும். தென்னிந்தியாவைத் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாக வாழாத இனம். கன்னத்தில் பை இருப்பதால் முதலில் நிரப்பிக்கொண்டு, அப்புறம் பத்திரமான இடத்தில் உட்கார்ந்து மெல்லும். அதனால்தான் இரண்டே நிமிடத்தில் ஒரு கொய்யா மரம் காலியாகிறது.

அவை வந்த பிறகு செய்வதைவிட வருவதற்கு முன் செய்வதில்தான் பலன். சமையலறை ஜன்னலுக்குக் கம்பிவலை. மேல்தொட்டி மூடிக்குக் கொக்கி, இல்லாவிட்டால் மூடியைத் திறந்து உள்ளே குளிக்கும். குப்பை வாளிக்கு அழுத்தமான மூடி. பழக்கூடை வெளியிலிருந்து தெரியாத இடம். எங்கள் தெருவில் ஒரு வருடம் எல்லா வீட்டிலும் குப்பையை மூடி வைத்தோம். கூட்டம் வராமல் போகவில்லை, ஆனால் நிற்காமல் கடந்து போனது. ஒரே ஒரு வீடு திறந்து வைத்தாலும் இது பலிக்காது, அதனால் தெருவாகச் சேர்ந்துதான் செய்ய வேண்டும்.

வந்துவிட்டால், கண்ணுக்குள் பார்க்காதீர்கள், பல்லைக் காட்டிச் சிரிக்காதீர்கள். இரண்டுமே அதற்குச் சண்டைக்கு அழைப்பு. குட்டி வைத்திருக்கும் தாய்க்கும் அதன் வழிக்கும் நடுவில் நிற்காதீர்கள். கையில் இருக்கும் பண்டத்தைப் பிடுங்க வந்தால் விட்டுவிடுங்கள். ஒரு கம்பைத் தரையில் தட்டிக்கொண்டு நின்றாலே பெரும்பாலும் நகர்ந்துவிடும்.

ஒரு வேண்டுகோள்: பாவம் என்று பிஸ்கட்டோ வாழைப்பழமோ கொடுக்காதீர்கள். மலைப்பாதையில் காரை நிறுத்திக் கொடுக்கிறவர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். மனிதன் கையிலிருந்து வாங்கித் தின்னப் பழகிய குரங்கு அடுத்தது பிடுங்கும், அதற்கடுத்து கடிக்கும். கடிபட்டால் குழாயைத் திறந்துவிட்டு சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றைக்கே அரசு மருத்துவமனைக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ போய் வெறிநாய்க்கடித் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும். கீறல்தானே என்று விடக் கூடாது.

கிளி கொத்திய பழம் ருசி என்பார்களே, சாப்பிடலாமா?

ருசி என்பதற்குக் காரணம் உண்டு. பழுத்ததாகப் பார்த்துத்தான் அது கொத்தும். ஆனால் பகலில் கிளி கொத்தியதா, இரவில் வௌவால் கடித்ததா என்று கீழே கிடக்கும் பழத்தைப் பார்த்து உறுதியாகச் சொல்ல முடியாது. 2018-ல் கோழிக்கோட்டில் நிபா காய்ச்சல் வந்தபோதுதான் பலருக்கும் இது புரிந்தது. பழந்தின்னி வௌவால்களின் உடம்பில் அந்தக் கிருமி நோய் இல்லாமலே இருக்கும், எச்சில் வழியே பழத்துக்கு வரலாம். அதனால் எங்கள் வீட்டில் விதி ஒன்றுதான்: கடிபட்ட பழம் யாருக்கும் இல்லை, ஆட்டுக்கும் இல்லை. கையில் ஒரு பையை மாட்டிக்கொண்டு எடுத்துக் குழியில் போட்டு மண்ணைத் தள்ளிவிடுகிறோம். முழுப் பழத்தையும் நன்றாகக் கழுவி, தோல் சீவித்தான் சாப்பிடுவோம். சின்ன வயதில் நானே அணில் கடித்த கொய்யாவைத் துடைத்துவிட்டுத் தின்றவள்தான். இப்போது என் பேரப்பிள்ளைகளுக்குக் கொடுக்கமாட்டேன்.

இதைச் சொன்னதும் சிலர் வௌவாலை விரட்ட மரத்தில் பட்டாசு கட்டுகிறார்கள். தேவையே இல்லை. பழத்தை முன்கூட்டிப் பறித்தால் வௌவாலும் குறையும், ஆபத்தும் குறையும். இலுப்பைப் பூவில் மகரந்தம் சேர்ப்பதும், விதைகளை மைல் கணக்கில் கொண்டுபோய்ப் போடுவதும் அதுதான். எங்கள் வேலியோரத்துப் பாதாம் மரத்தை நாங்கள் நடவில்லை.

தண்ணீர் வைத்தால் இன்னும் அதிகமாக வராதா?

வரும். ஆனாலும் வையுங்கள். கத்திரி வெயிலில், மே மாதம் நாலாம் தேதியில் இருந்து இருபத்தெட்டு வரைக்கும், காலை பத்து மணிக்கே வாயைத் திறந்துகொண்டு மூச்சு வாங்கும் மைனாவைப் பார்த்தவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்கமாட்டார்கள்.

எங்கள் அனுபவத்தில் தண்ணீர் வைத்த பிறகு வெள்ளரியிலும் தக்காளியிலும் கொத்து குறைந்தது. பாதிப் பறவைகள் தாகத்துக்குத்தான் காயைக் கொத்தின. அகலமான மண்சட்டி, இரண்டு அங்குலத்துக்கு மேல் ஆழம் வேண்டாம், நடுவில் ஒரு கல், குருவி வழுக்காமல் நிற்க. காய்கறிப் பாத்தியிலிருந்து தள்ளி, நிழலில், பூனை பதுங்க முடியாத திறந்த இடத்தில் வையுங்கள். தினமும் தண்ணீரைக் கொட்டித் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவ வேண்டும். ஒரு வாரம் அப்படியே விட்டால் டெங்குக் கொசுவை வளர்ப்பதாக ஆகிவிடும்.

சட்டியைத் திண்ணையில் இருந்து பார்க்கிற மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். கோடையில் வீட்டிலேயே இருப்பதன் பெரிய சுகம் எனக்கு அந்தத் திண்ணைதான். காலை ஆறில் இருந்து எட்டு வரை ஒரு டம்ளர் காப்பியோடு உட்கார்ந்தால், முதலில் புள்ளிச்சில்லை வரும், அப்புறம் கொண்டைக்குருவி, அப்புறம் இரண்டு மாங்குயில், மஞ்சள் கொட்டினாற்போல். குயில் தண்ணீருக்குக் கீழே இறங்குவது அபூர்வம், ஆனால் மரத்துக்குள் இருந்து கூவிக்கொண்டே இருக்கும். ஏழரைக்குச் செம்போத்து ஒன்று நடந்தே வரும், யாரோ வீட்டுக்குக் கல்யாணப் பத்திரிகை கொடுக்க வருகிற பெரியவர் மாதிரி.

மயில் நாற்றையெல்லாம் பிடுங்கிவிடுகிறது. விரட்டலாமா?

விரட்டலாம், அடிக்கக் கூடாது. 1963-ல் இருந்து தேசியப் பறவை. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972-ன் முதல் அட்டவணையில் இருக்கிறது. கொன்றால் குறைந்தது மூன்று வருடம், அதிகபட்சம் ஏழு வருடம் சிறை. விஷம் வைத்து மயில்கள் கொத்தாகச் செத்துக் கிடந்த செய்தியைக் கோவை, திருப்பூர்ப் பக்கம் அவ்வப்போது படிக்கிறோம். ஒரு பாத்தி மிளகாய்க்காக அதைச் செய்ய மனம் எப்படி வருகிறதோ.

நாற்று ஒரு அடி வளரும் வரைதான் பயம். அதுவரை ஒவ்வொரு பாத்தியிலும் கோழி அடைக்கும் பஞ்சாரத்தைக் கவிழ்த்து வைக்கிறோம். இல்லாவிட்டால் இலந்தை முள்ளைச் சுற்றிப் போடலாம். கனத்த உடம்பு என்பதால் மயில் இறங்க வெற்றிடம் வேண்டும். பாத்திகளுக்கு மேலே குறுக்கும் நெடுக்குமாகக் கயிறு கட்டினால் இறங்கத் தயங்கும்.

எலுமிச்சை, கறிவேப்பிலைச் செடியில் பறவை எச்சம் மாதிரி புழு. மருந்து அடிக்கட்டுமா?

வேண்டாம், இரண்டு வாரம் பொறுங்கள். அது எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் புழு. சின்னதாக இருக்கும்போது எச்சம் மாதிரி நடிக்கும், பெரிதானதும் பச்சையாகிவிடும். பெரிய செடிக்கு இலை திரும்ப வந்துவிடும். சின்ன நாற்றாக இருந்தால் புழுவைக் குச்சியில் எடுத்துப் பெரிய செடிக்கு மாற்றுங்கள். லீவுக்கு வந்த பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல வேடிக்கை கிடையாது.

இரவில் மொட்டைமாடியில் படுக்க ஆசை. பாம்பு, மரநாய் பயமாக இருக்கிறதே?

மரநாயால் மனிதருக்குத் தொல்லை இல்லை. மதில் மேல் ஓடும், ஓட்டில் தடதடக்கும், அவ்வளவுதான். அது போன இடத்தில் சோறு வேகும் வாசனை வந்ததாகச் சிலர் சொல்வார்கள், பேய் என்று நினைத்துப் பயந்தவர்களும் உண்டு.

பாம்பு விஷயத்தில் கவனம் தேவைதான். கோடையில் குளிர்ச்சி தேடி வரும், தவளையும் எலியும் இருக்கும் இடத்துக்கு வரும். தொட்டியடி, விறகுக் குவியல், தென்னை மட்டைக் குவியல் இவற்றை வீட்டை ஒட்டி வைக்காதீர்கள். இருட்டிய பின் டார்ச் இல்லாமல் தோட்டத்துக்குப் போகாதீர்கள். வெறும் தரையில் படுக்காமல் கட்டிலில் படுத்து, கொசுவலையை மெத்தைக்கு அடியில் செருகிவிட்டால் கட்டுவிரியனுக்கும் பயப்பட வேண்டாம். அதன் கடி பல சமயம் வலிக்கவே வலிக்காது, தூக்கத்தில் தெரியாமல் போய்விடும் என்பதால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன். கடித்துவிட்டால் வெட்டாதீர்கள், கயிறு கட்டாதீர்கள், பச்சிலை தேடாதீர்கள். கை காலை அசைக்காமல், 108-க்கு அழைத்து, விஷமுறிவு மருந்து இருக்கும் அரசு மருத்துவமனைக்கு நேராகப் போங்கள். வீட்டுக்குள் பாம்பு நுழைந்தால் தீயணைப்புத் துறையை, 101-ல் கூப்பிட்டால் வந்து பிடித்துப் போவார்கள்.

இத்தனையும் செய்துவிட்டு, படுங்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று மே மாதக் கடைசியில் இரவு பத்து மணிக்கு மேல் வீச ஆரம்பிக்கும். சப்போட்டா மரத்தில் வௌவால்கள் சிறகடிப்பது தலைக்கு மேல் கேட்கும். பிள்ளைகள் எண்ணிக்கொண்டே தூங்கிவிடுவார்கள்.

காட்டுப்பன்றியும் யானையும் வந்தால்?

இது வீட்டு வைத்தியத்தில் தீரும் விஷயம் அல்ல. வனத்துறைக்குச் சொல்லுங்கள். அருகில் உள்ள வனச்சரக அலுவலகத்தின் எண்ணைச் சமையலறைச் சுவரில் எழுதி வையுங்கள். யானை வந்திருப்பது தெரிந்தால் வெளியே போகாதீர்கள், செல்போனில் படம் எடுக்கப் போகாதீர்கள், டார்ச்சை முகத்தில் அடிக்காதீர்கள். பலாப்பழமும் முற்றிய வாழைத்தாரும் அதற்கு வெகுதூரத்தில் இருந்தே மணக்கும். பலாவைப் பிஞ்சிலேயே பறித்துக் கறிக்குக் கொடுத்துவிடுவது அடிவார வீடுகளில் நல்ல பழக்கம். வால்பாறையில் யானை நடமாட்டத்தைச் சிவப்பு விளக்காலும் கைப்பேசிச் செய்தியாலும் முன்கூட்டிச் சொல்லும் ஏற்பாடு பல உயிர்களைக் காத்திருக்கிறது. அப்படி ஒன்று இங்கேயும் ஊருக்கு ஊர் வேண்டும் என்பது என் ஆசை.

பன்றிக்காக வீட்டு மின்சாரத்தைக் கம்பியில் விடுவதும், பழத்துக்குள் வெடி வைக்கும் அவுட்டுக்காயும் கொலைக் குற்றத்துக்குச் சமம். யானையும் சாகும், பக்கத்து வீட்டுப் பிள்ளையும் சாகும். சோலார் மின்வேலி போடுவதானால் வனத்துறை அனுமதியோடு போடுங்கள். காப்புக்காட்டில் இருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றிகளை வனத்துறையினரே சுடலாம் என்று 2025 ஜனவரியில் தமிழ்நாடு அரசு அறிவித்தது. அது வனத்துறைக்குக் கொடுத்த அனுமதி, நமக்கு அல்ல.

குரங்கையோ மரநாயையோ பிடித்துத் தூரத்தில் விட்டுவிட்டால் என்ன?

2019-ல் தடாகம் பகுதியில் சின்னத்தம்பி யானையைப் பிடித்து டாப்சிலிப் காட்டில் விட்டார்கள். சில நாளிலேயே காட்டை விட்டு இறங்கி, உடுமலைப் பக்கம் கரும்புக் காட்டில் வந்து நின்றது. ஊரே கண்ணீரோடு பார்த்தது. பழகிய இடத்தை விட்டு எடுத்துப் போடுவது எந்த உயிருக்கும் எளிதல்ல. வனத்துறை இல்லாமல் நாமாகப் பிடிப்பது சட்டப்படியும் குற்றம். காலியான இடத்துக்கு அடுத்த கூட்டம் வருவது வேறு விஷயம்.

அணில் குஞ்சு கீழே விழுந்து கிடக்கிறது. எடுத்து வளர்க்கலாமா?

முதலில் தாய்க்கு ஒரு வாய்ப்புக் கொடுங்கள். சின்ன அட்டைப்பெட்டியில் தேங்காய் நார் வைத்து, குஞ்சை அதில் போட்டு, எறும்பும் பூனையும் எட்டாத உயரத்தில் அதே மரத்தில் கட்டிவிட்டுத் தள்ளி நில்லுங்கள். பெரும்பாலும் தாய் வந்து கவ்விக்கொண்டு போய்விடும். பசும்பால் புகட்டாதீர்கள்.

தென்னங்குரும்பையை எலியும் அணிலும் உதிர்க்கின்றன. வழி உண்டா?

உண்டு. ஆள் உயரத்துக்கு மேலே ஒன்றரை அடி அகலத் தகரத் தகட்டை மரத்தைச் சுற்றி ஆணியடியுங்கள். வழுக்கும். பக்கத்து மரத்தின் மட்டை தொடக் கூடாது.

மொத்தத்தில் எவ்வளவு இழக்கிறீர்கள்?

போன வருடம் துப்பு நோட்டில் என் பேத்தி கணக்கு எழுதினாள். செந்தூர மரத்தில் நாங்கள் பறித்தது 214. கடிபட்டும் உதிர்ந்தும் குழிக்குப் போனது 90. உச்சியில் எண்ண முடியாமல் போனது தனி. கொய்யாவில் பாதிக்கு மேல் எங்களுக்கு வரவில்லை. மாவடு, ஊறுகாய், பழம் எல்லாம் சேர்த்து ஆறு வீட்டுக்குப் பங்கு போட்டுக் கொடுத்தோம், யாரும் குறை சொல்லவில்லை.

மழை வந்ததும் எல்லாம் நின்றுவிடுமா?

ஜூன் இரண்டாம் வாரத்தில் மலைமேல் மேகம் இறங்கினால் குரங்கு வரத்து பாதியாகும். நாங்களும் காகிதப் பைகளைக் கழற்றி, கொசுவலையைத் துவைத்து மடித்து வைத்துவிடுவோம். மதிலோரம் மரநாய் எச்சத்தில் இருந்து சப்போட்டாவும், வௌவால் போட்ட கொட்டையில் இருந்து பாதாமும் நாவலும் வரிசையாக முளைத்திருக்கும். ஒரு சாண் வளர்ந்ததும் பையில் எடுத்து வைக்கிறேன். இந்த வருடம் பதினேழு கன்று இருக்கிறது. வேண்டுகிறவர்கள் மழைக்கு முன்னால் வந்து வாங்கிக்கொண்டு போகலாம், வரும்போது ஒரு சாக்கு மட்டும் கொண்டு வாருங்கள்.